பன்னிரண்டாவது அடி

வெயிலில் காயப்போட்ட "பேடு" ஒன்றின் வாசனை, வியர்வையும் ரெக்சினும் பழைய பஞ்சும் கலந்த அந்தப் புழுங்கல் வாசனை, இன்றும் மூக்கில் பட்டால் என் முழங்கால்கள் தானாகச் சேர்ந்துகொள்ளும். வாடிப்பட்டியில் எட்டாம் வகுப்புப் படித்தபோது கால்களில் கட்டிக்கொள்ள எங்கள் பெண்கள் ஹாக்கி அணிக்கு இருந்ததே ஒரு ஜோடி பேடுதான்; கோல் காத்தவள் நான் என்பதால் அதைத் துவைப்பதும் காயவைப்பதும் என் பொறுப்பு.

அந்தப் பருவத்தில் ஐந்து ஆட்டங்கள் ஆடியும் நான் ஒரு கோல்கூட விடவில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் கோலை நோக்கி வந்த அடிகள் எத்தனை, தடுத்தவை எத்தனை என்று நோட்டில் எழுதிவைப்பேன். எனக்கு முன்னால் தடுப்பாட்டம் ஆடும் பேச்சி அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

"இம்புட்டுச் சுத்தம் ஆகாதுடி. பச்சப்புள்ளைக்கே கன்னத்துல மை வச்சுத்தான வெளிய தூக்குறாக? ஒண்ணே ஒண்ணு விட்டுத் தொலை, கண்ணு படாது."

நான் மறுத்ததால், ஆட்டத்துக்கு ஆட்டம் தன் கண் மையை வழித்துக் கோல் கம்பத்தில் ஒரு பொட்டு வைப்பாள்.

இறுதி ஆட்டம் தல்லாகுளத்தில் நடந்தது. எதிரணியில் முன்வரிசை ஆடிய செல்வி, அலங்காநல்லூர்ப் பக்கத்துக்காரி, காலையில் குழாயடியிலேயே பழகிவிட்டாள்.

"ஒரு கோலாச்சும் போட்டாத்தான் அடுத்த வருசமும் ஆட விடுவேன்னுட்டாரு எங்கய்யா. அந்தா, வேலியோரம் நிக்காரு பாரு."

"போடு, போடு. எங்காளு காலு என்ன வாசக்கதவா, தொறந்துவிட?" என்றாள் பேச்சி.

மூன்று கோல் முன்னிலையில் இருந்தோம். செல்வி மட்டும் சளைக்கவில்லை; கோலுக்கு வந்த அடியெல்லாம் அவளுடையதுதான். கடைசி நிமிடத்தில் அவள் அடித்த பந்து என் இரு கால்களுக்கும் நடுவே புகுந்து சுண்ணாம்புக் கோட்டை முழுதாகத் தாண்டியது. திரும்பி, மட்டையால் வெளியே இழுத்துவிட்டேன். ஆட்கள் மறைத்ததால் நடுவர் பார்க்கவில்லை.

"கோலு சார்! கோலு!" என்று செல்வி கத்தினாள்.

நடுவர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லியிருந்தாலும் கோப்பை எங்களுக்குத்தான். நான் இல்லையென்று தலையசைத்தேன். மூன்றுக்குப் பூஜ்ஜியம். வேலியோரம் நின்ற செல்வியின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

திரும்பும் பேருந்தில், "பொட்டு வச்சாச்சு போ," என்று மட்டும் பேச்சி சொன்னாள்; பந்து கோட்டைத் தாண்டியதை அவள் பார்த்திருந்தாள். நோட்டில் நான் எழுதியது: வந்தவை 11, தடுத்தவை 11.

போன மாதம் தல்லாகுளத்தில் ஓர் அலுவலக வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்தாள்.

"வாடிப்பட்டி கீப்பருதான நீ? அன்னைக்குப் பன்னெண்டு அடி அடிச்சேன். மறந்துருச்சா?" செல்வி சிரித்தாள். அதுதான் அவளுடைய கடைசி ஆட்டமாம்.

"பன்னெண்டாவது அடி கோலுதான் செல்வி."

அவள் சிரிப்பு நின்றது. கோபம் இல்லை. "எங்கய்யா உசுரோட இருக்கையில சொல்லியிருக்கலாம்ல," என்றாள். அதற்குள் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மைதானம் இருந்த இடத்தில் இப்போது வண்டிகள் நிற்கின்றன. கம்பங்களும் இல்லை, பேச்சி வைத்த பொட்டும் இல்லை. நோட்டு இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் வந்தவை 11 என்பதை அடித்து 12 ஆக்கி, பக்கத்தில் "கோல் 1, செல்வி" என்று எழுதினேன். பழுத்த தாளில் புது மை தனியாகத் தெரிகிறது.