டவர் அக்கா காவல் காக்கும் போன்கள்

எங்கள் மாத்திரை கம்பெனியில் முதலாளியின் மருமகனே வந்தாலும் போனை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாசல் அறையின் ஒரு சுவரை அடைத்துக்கொண்டு மர அடுக்கு ஒன்று நிற்கிறது. அதில் சின்னச் சின்னக் கட்டங்கள், ஆளுக்கு ஒன்று. அதற்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அந்த நாற்காலியில் டவர் அக்கா. எங்களுக்கு வருகிற அழைப்பெல்லாம் அவரைத் தாண்டித்தான் வர வேண்டும் என்பதால் பேக்கிங் பெண்கள் வைத்த பெயர் இது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் இருக்கிறது, யாரும் படித்ததில்லை.

போன் இருந்தால் மாத்திரையில் தூசி படியும் என்று நோட்டீஸ் போர்டு சொல்கிறது. நிஜக் காரணம் வேறு. ஒருத்தி மடியில் போனை வைத்து வீடியோ பார்த்துக்கொண்டே காய்ச்சல் மாத்திரையை எல்லாம் வயிற்றுவலி டப்பாவில் போட்டுத் தள்ளிவிட்டாள். லாரி கிளம்புவதற்குள் கண்டுபிடித்ததால் தப்பித்தோம். ஆண்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கழிவறைக்குள் போனோடு போனால் குடும்பமே நடத்திவிட்டுத்தான் வெளியே வருவார்கள். மாத்திரை கம்பெனியில் இத்தனை பேருக்கு வயிறு சரியில்லையா என்று மேனேஜர் வாய்விட்டே கேட்டார். அப்புறம்தான் அந்த அடுக்கு வந்தது.

காலையில் போன்களை வாங்கி வைப்பது, பெண்களைத் தடவிப் பார்த்து உள்ளே அனுப்புவது, பிறகு நாள் முழுக்க அந்த அடுக்கு கத்துவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது. இதுதான் அக்காவின் உத்தியோகம். எந்தப் போனையும் எடுத்துப் பேசக் கூடாது. இவருக்கு முன்பு அங்கே இருந்த ஆள் நல்லெண்ணத்தில் ஒருவரின் மனைவியிடம், "அவர் இன்னிக்கு லீவாச்சேம்மா" என்று சொல்லித் தொலைத்தார். அந்த வீட்டில் சண்டை ஓய வெகு நாளாயிற்று. அன்று முதல், போனை எடுத்தால் வேலை போகும் என்று சட்டம். கண்காணிக்கத் தலைக்கு மேலே ஒரு கேமரா.

எடுக்காவிட்டால் என்ன, அக்காவுக்கு எல்லாம் தெரியும். யாரைக் கடன்காரன் துரத்துகிறான், யாருக்குப் புதிதாக ஒரு நம்பர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, எல்லாம். ஆனால் வாயைத் திறக்க மாட்டார். ஒரே பெயர் விடாமல் அடித்தால் மட்டும் இன்டர்காமில் அந்த செக்‌ஷனுக்குச் சொல்வார். ஒரு தடவை மாமியார் விடாமல் அடிக்கிறார் என்று கேட்டு பேக்கிங் பெண் ஒருத்தி செருப்பைக்கூடப் போடாமல் ஓடி வந்து பேசினாள்.

"என்னடி, மாமியாருக்கு என்ன?"

"டிவி ரிமோட் எங்கன்னு கேக்கறாங்கக்கா."

அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

அவருடைய வீட்டுக்காரர் எங்கள் கம்பெனியிலேயே மெக்கானிக். மகளும் இங்கேதான் லேபிள் ஒட்டும் பிரிவில் இருந்தாள். போனை ஒளித்து எடுத்துப் போவதில் எங்கள் ஆட்கள் பலே கில்லாடிகள். சாப்பாட்டு டப்பாவின் அடித்தட்டு, கொண்டை, ஒருத்தி கையில் அடிபட்டது போலப் போட்ட பொய்க் கட்டுக்குள்ளேகூட வைத்திருந்தாள். அக்கா கண்டுபிடித்தால், "எடு வெளிய. இன்னொரு தடவ பாத்தேன், தொலைச்சுடுவேன்" என்பதோடு சரி. அந்த இன்னொரு தடவை எங்களில் பலருக்குப் பல தடவை வந்திருக்கிறது.

ஒரு நாள் அவர் மகளின் காலுறைக்குள் போன் இருந்தது. அவள் வேலை பார்த்துக்கொண்டே படித்தவள், அன்றைக்குப் பரீட்சை ரிசல்ட். பின்னால் வரிசையாக நாங்கள் நின்றிருந்தோம்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும்மா" என்றாள் மெதுவாக.

அக்கா எங்களைத் திரும்பிப் பார்த்தார். மகளை விட்டால் ஊர் வாயில் விழ வேண்டும் என்று நினைத்திருப்பார். அந்த நினைப்பில் தப்பில்லை, நிச்சயம் பேசியிருப்போம். போனை நேரே மேனேஜர் மேஜையில் கொண்டுபோய் வைத்தார். மதியத்துக்குள் மகளுக்கு வேலை போயிற்று. வெளியே போகும்போது அவள் எல்லோர் எதிரிலும் சொன்னாள்:

"ஊரான் பிள்ளைங்கள எல்லாம் விட்டியே. உனக்குப் பொறந்ததுதான் நான் பண்ண தப்பா?"

அக்கா அடுக்கின் பக்கம் திரும்பிக்கொண்டார். நியாயமாகப் பார்த்தால் அன்று நாங்கள் எல்லோருமே வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர்கள். மகள் வேறு ஊரில் ஒரு கடையில் வேலை தேடிக்கொண்டு ஹாஸ்டலில் தங்கிவிட்டாள். அப்பாவிடம் பேசுவாள், அம்மாவிடம் கிடையாது. அக்காவும், "சட்டம்னா எல்லாருக்கும்தான்" என்று முறுக்கிக்கொண்டு இருந்தார். ஆனால் அன்றிலிருந்து யாரிடம் போன் கிடைத்தாலும் அவர் திட்டுவதில்லை. கையை மட்டும் நீட்டி வாங்கி வைத்துவிடுவார். அவர் திட்டாதது எங்களுக்குத்தான் என்னவோ போல இருந்தது.

சில மாதம் கழித்து மெக்கானிக்கின் போன் பகலில் அடிக்க ஆரம்பித்தது. திரையில் மகளின் பெயர். தினம் மத்தியானம் ஒரு தடவை அடிக்கும், நின்றுவிடும். முதல் நாள் அக்கா பதறிப்போய் இன்டர்காமில் கூப்பிட்டார். மெக்கானிக் வந்து திரும்ப அடித்துப் பேசிவிட்டு, "ஒண்ணும் இல்லையாம்" என்று போய்விட்டார். மறுநாளும் அடித்தது, அதற்கு மறுநாளும்.

கேன்டீனில் மெக்கானிக் எங்களிடம் இதைச் சொல்லிச் சிரித்தார். அக்கா வீட்டில் சத்தம் போட்டிருக்கிறார்.

"ஷிப்ட் நேரத்துல அடிக்காதேன்னு உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க. எடுக்கவும் முடியல, சும்மா இருக்கவும் முடியல."

"சொன்னேன். கேக்க மாட்டேங்கறா."

"சாயங்காலம்தான் தினமும் பேசறீங்களே. அப்புறம் பகல்ல எதுக்காம்?"

"பகல்ல என் போன் எங்க இருக்கும்னு அவளுக்குத் தெரியாதா? இங்க வேலை பாத்தவதானே."

 அக்கா, அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்காமல் அப்படியே நின்றாராம்.

மறுநாள் நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு என் போனை வாங்க வாசல் அறையில் நின்றிருந்தேன். அக்கா என் கட்டத்தை நோக்கிக் கையை நீட்டியபோது மெக்கானிக்கின் போன் அடித்தது. நீட்டிய கை அப்படியே நின்றது. கேமராவை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார், நான் சட்டென்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன். இந்த ஒரு போனை எடுத்தால் இத்தனை வருஷ வேலை போய்விடும், எடுக்காவிட்டால் மகள் நாளைக்கும் அடிப்பாளா என்பது நிச்சயமில்லை.

அக்கா போனை எடுத்துக் காதில் வைத்தார். என்ன பேசுவது என்று தெரியாமல் இன்டர்காமில் சொல்கிற பழக்கத்தில், "மெயின் கேட்" என்றார்.

மெஷின் சத்தத்தில் காது மந்தமாகிப்போன மெக்கானிக்கின் போன் அது, அந்தப் பக்கம் பேசுவது அறை முழுக்கக் கேட்டது.  முதலில் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"அங்கதாம்மா அடிச்சேன்."