ரீச்சர் என்று அழைக்கப்பட்ட எங்கள் அண்ணை

நீர்வேலியில் வாழைத்தோட்டக் குடும்பமொன்றில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் எங்கள் அண்ணை. அவர் படிப்பு முடித்து வீட்டில் இருந்த காலத்தில், சனசமூக நிலையத்து முன்பள்ளியில் படிப்பித்த பெண் கலியாணமாகிக் கனடாவுக்குப் போனார். "வேறை பொம்பிளைப் பிள்ளை கிடைக்கும் வரைக்கும் ரெண்டு கிழமைக்குப் பாரும்" என்று நிலையத் தலைவர் அண்ணையைக் கேட்டார். அந்த இரண்டு கிழமை முப்பது வருடமானது.

எங்களைப் பெற்ற ஐயாவுக்கு அது பெரிய மனவருத்தம். "ஆம்பிளைப் பிள்ளை ஊரார்ரை பிள்ளையளுக்கு மூக்குத் துடைக்கிறதே?" என்று கேட்பார். அண்ணையோ மூக்குத் துடைப்பதற்கென்றே சட்டைப்பையில் இரண்டு லேஞ்சி வைத்திருந்தார்.

எங்கள் பக்கத்தில் படிப்பிக்கும் பெண் ரீச்சர், ஆண் சேர். மூன்று வயதுப் பிள்ளைக்கு அது விளங்குமா? முன்பள்ளியில் நிற்பவர் ரீச்சர், அவ்வளவுதான். மீசை வைத்த எங்கள் அண்ணையை எல்லாப் பிள்ளைகளும் "ரீச்சர்" என்றே கூப்பிட்டார்கள். பெரியவர்கள் அதையே பட்டமாக்கி, சந்தியில் அவர் முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரித்தார்கள்.

எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், அண்ணை ஆசிரியர் என்று மட்டும் சொல்லியிருந்தோம். அவர்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க, படலையைத் தள்ளிக்கொண்டு ஒரு சின்னப் பெண் ஓடிவந்தாள். "ரீச்சர், எங்கடை பூனை குட்டி போட்டிட்டுது" என்று அண்ணையின் மடியில் ஏறி இருந்தாள். மாப்பிள்ளையின் தாயார் அண்ணையை ஒருமாதிரிப் பார்த்தார். அண்ணை மறைக்கவில்லை.

"ஓம் அம்மா, நான் முன்பள்ளியிலைதான் படிப்பிக்கிறன்" என்றார்.

அந்தச் சம்பந்தம் படலையோடு போனது.

"சேர் எண்டு கூப்பிடப் பழக்கினால் என்ன, அண்ணை?" என்று அழுதேன்.

"அதுகள் அன்பாய்க் கூப்பிடுதுகள், தங்கச்சி. அதிலை எனக்கென்ன குறை?"

மூன்று மாதம் நான் அவரோடு கதைக்கவில்லை. அவரோ பின்னேரங்களில் எனக்குப் பிடித்த வாய்ப்பன் வாங்கிவந்து மேசையில் வைத்துவிட்டுப் போவார். நானும் கோபம் குறையாமலே சாப்பிட்டு முடிப்பேன். பிறகு வந்த மாப்பிள்ளை, அண்ணையின் தொழிலைக் கேட்டு "நல்லது" என்று மட்டும் சொன்னார். அவரைத்தான் கட்டினேன். ஆனாலும் வெளியிடங்களில் என் அண்ணை ரீச்சர் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

அண்ணை எங்களைவிட்டுப் பிரிந்து ஒரு வருடமாகிறது. அவர் நோயுற்றிருந்தபோது சாப்பாடு கொண்டுவந்த அயலவர்களையும், இறுதிக் கிரியைகளில் கூட நின்ற உறவினர், நண்பர்களையும் நன்றியோடு நினைக்கிறோம். ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்துக்கொண்ட ஆண் தாதியர் ஒருவருக்குத் தனியாக நன்றி சொல்லவேண்டும். அவர் அண்ணையிடம் படித்தவராம். கட்டிலருகே வந்ததும் "ரீச்சர்" என்று கூப்பிட்டார். பக்கத்துக் கட்டில்காரர் என் பக்கம் திரும்பி, "எந்தப் பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிறியள், ரீச்சர்?" என்று கேட்டார்.

"நானில்லை. என்ரை அண்ணைதான் ரீச்சர்" என்றேன், வார்ட் முழுக்கக் கேட்கும்படி. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அண்ணை கண்ணைத் திறந்தார். தலையணைக்குக் கீழே தடவி, லேஞ்சியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மூக்கைத் துடை, தங்கச்சி."

— அன்புத் தங்கை