மண்ணைச் சுமக்கும் ஊர்

உடப்புசல்லாவை போகும் வழியில் எஞ்சின் கொதித்து பஸ் நின்றுவிடுகிறது. டிரைவர் தண்ணீர் தேடிப் போகிறார். சாலையோரம் தேயிலைக் கொழுந்து நிறுக்கக் காத்திருக்கும் பெண்களிடம் என் பையிலிருக்கும் அஞ்சலட்டையைக் காட்டுகிறேன். ஜெர்மனியில் படிக்கும் நண்பன் அனுப்பியது. ஆற்றங்கரையில் ஒரு சின்னக் கிராமம், சின்னத் தேவாலயம், பின்னால் செங்குத்தான மலை முழுக்கத் திராட்சை.

"அடியே, இங்க பாருங்கடி! வெள்ளக்காரிங்க முதுகுல கூடை!" என்று கூவுகிறார் பழனியம்மா என்பவர். தலைகள் முட்டிக்கொள்கின்றன. "கயித்தத் தலையில போடாம தோள்ல மாட்டியிருக்காளுக!"

பிறகு அவர் விரல் மலைச்சரிவில் நிற்கிறது. "தண்ணி ஓட கான் வெட்டலையேங்க? ஒரு மழை பேஞ்சா மண்ணெல்லாம் கீழ வந்துருமே."

கொழும்பில் படித்தவர்கள் எத்தனை பேர் இந்தப் படத்தைப் பார்த்தார்கள்! ஒருவர் கண்ணிலும் இது படவில்லை. அட்டையைத் திருப்பி, நண்பன் எழுதியிருப்பதை உரக்கப் படிக்கிறேன்: 'பெருமழையில் மண் அடிவாரத்துக்கு வந்துவிடும். அதைக் கூடையில் அள்ளி மறுபடி மேலே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக இந்த ஊரின் சரித்திரமே இதுதான்.'

பெண்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

"மண்ணையா? எந்தத் தொரைங்க சுமக்கச் சொன்னாரு?" என்று கேட்கிறார் பழனியம்மா.

"அங்கே தோட்டத் துரையெல்லாம் கிடையாதும்மா. மலையில் ஆளுக்கொரு துண்டு. அவங்க சொந்த நிலம்."

சிரிப்பு நிற்கிறது. தண்ணீரோடு திரும்பிவிட்ட டிரைவர் ஹாரன் அடிக்கிறார். பழனியம்மா அட்டையை வாங்கி அந்தச் சரிவை இன்னொரு முறை பார்த்துவிட்டுத் திரும்ப நீட்டுகிறார்.

"அப்படின்னா நானும் சுமப்பேங்க."