திரும்பிப் பார்த்த பிள்ளைக்கு அக்கா நடத்திய பாடம்

அக்காவை விசாரிக்கக் கூட்டம் போட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் இருந்தவர்கள்: கோயில் கமிட்டித் தலைவர், பூசாரி ஐயா, கமிட்டிக்காரர்கள் நான்கு பேர், அறநெறி வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேர், அவர்களுடைய தாய்மாரில் ஏழு பேர், என் அக்கா, நான். தகப்பன்மார் மூன்று பேர் வாசலில் நின்றார்கள், உள்ளே வரவில்லை. அவர்களை நான் சேர்க்கவில்லை. இன்னார் இருந்தார், இன்னார் இல்லை என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அக்காவின் நினைவு மலரை இப்படி ஆரம்பிப்பது வழக்கம் இல்லை என்று தெரியும். பிறந்த இடம், பெற்றோர், குணநலன் என்று போக வேண்டும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். படித்தவர் யாரையாவது எழுதச் சொல்லலாம் என்று மூன்று பேரிடம் கேட்கப் போய், கேட்காமலே திரும்பி வந்தேன். அவர்கள் எழுதினால் அந்தப் பின்னேரத்தை விட்டுவிடுவார்கள் என்று பயமாக இருந்தது. நான் எழுதினால் பிழையாகிவிடுமோ என்றும் பயம்தான். இரண்டு பயத்தில் சின்னதை எடுத்துக்கொண்டேன்.

அக்கா பிறந்தது டிக்கோயாவுக்கு மேலே, இதே தோட்டத்தின் மேல் டிவிசனில். அப்பா இறந்தபோது அக்காவுக்குப் பதினான்கு வயது, எனக்கு ஆறு. அம்மாவுக்கு இழுப்பு வருத்தம். மழைக்காலத்தில் எழுந்து உட்காரவே முடியாது. அக்கா சாதாரண தரப் பரீட்சை எழுதி ஆறு பாடம் சித்தியடைந்தார். பெறுபேறு வந்த மறு வாரமே கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போனார். ஆனால் நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஃபக்டரிக்குப் போனபோது, அகப்பைக் காம்பு உடைகிற வரைக்கும் அடித்தார். "நான் ஒருத்தி கூடைய தூக்குனது பத்தாதாடா?" என்று கேட்டுக்கொண்டே அடித்தார். கலியாணம் கேட்டு வந்தவர்களை என்னையும் அம்மாவையும் காட்டித் திருப்பி அனுப்பினார். அதைப் பற்றி ஒருநாளும் எங்களிடம் குறைப்பட்டதில்லை.

பிறகு பிள்ளை மடுவத்தில் வேலை கிடைத்தது. தாய்மார் மலைக்குப் போன பிறகு அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அந்த வேலையை அக்கா இருபத்திரண்டு வருடம் செய்தார். அறநெறி வகுப்பு அங்கேதான் முளைத்தது. ஒரு குழந்தை, "ஆத்தா ஏன் கண்ண மூடவே மாட்டேங்குது? தூக்கம் வராதா?" என்று அம்மன் படத்தைக் காட்டிக் கேட்டதாம். வேறு யாராவது என்றால் வாயை மூடு, சாமி குற்றம் என்றிருப்பார்கள். அக்கா அடுத்த சம்பள நாளில் ஹட்டனுக்குப் போய், கோயில் குருக்களிடம் கேட்டு, கடுதாசியில் எழுதிக்கொண்டு வந்தார். பிள்ளைக்கு ஒன்று தெரியவில்லை என்றால் அது பெரியவர்களுடைய கடன் என்பார். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடங்கியது. கோயில் மண்டபத்தில் பாய் விரித்து, வெள்ளை உடுப்பில் பிள்ளைகள்.

மண்டபத்தில் கடைசியாக நடத்திய வருடத்தில், ஒரு மனிதனுக்குப் பிறந்ததில் இருந்து செய்கிற சடங்குகளை எல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொடுத்தார். சொன்னால் மறந்துபோவார்கள் என்று செய்தே காட்ட வைத்தார். வாழைப்பூவைத் தொட்டிலில் போட்டுப் பெயர் வைத்தார்கள். புடலங்காய்க்குக் காது குத்தினார்கள். கலியாணப் பாடத்துக்குத் தலைவரே பெண் வீட்டு அப்பாவாக வந்து உட்கார்ந்தார். "டீச்சரம்மா, எங்க மூத்தவ கலியாணத்துல கூட நான் இப்பிடி வேர்க்கல்ல" என்று அவர் சொல்ல, மண்டபமே சிரித்தது. அதுவரை எல்லோருக்கும் சந்தோஷம். கடைசிப் பாடம் மட்டும் மிச்சம் இருந்தது.

இங்கே டிலக்சனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்கு இப்போது பதினான்கு வயது. பெயர் போடாமல் எழுதட்டுமா என்று அவனையும் அவன் அம்மாவையும் கேட்டேன். "பேரப் போட்டே எழுதுங்க மாமா" என்றான்.

அவனுக்கு எட்டு வயதில் அப்பா மரம் விழுந்து இறந்தார். ஒரே பிள்ளை. குளிப்பாட்டி, ஈர வேட்டியோடு தோளில் தண்ணீர்க் குடத்தை வைத்து மயானத்துக்குக் கூட்டிப் போனார்கள். குழியைச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஒரு ஓட்டை போடுவார்கள், மூன்றாவது சுற்று முடிய குடத்தைப் பின்னால் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும் என்று அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. குடம் உடைந்த சத்தத்தில் பயந்து திரும்பிப் பார்த்துவிட்டான். "அடேய், திரும்பிட்டானே! இனி அப்பன் எப்பிடிடா போவான்?" என்று கூட்டத்தில் யாரோ சத்தம் போட்டார்கள். நானும் அங்கே இருந்தேன். சத்தம் போட்டவரை நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை, பின்னால் இருந்து யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். காது கேட்கவில்லை என்று டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். காது நன்றாக இருந்தது. ஒரு வருடம் அப்படியே போனது. வகுப்பு முடிந்து பாய் சுருட்டும்போது ஒருநாள் அக்காவிடம் மட்டும் சொன்னானாம்: "டீச்சர், நான் திரும்புனா அங்க அப்பா நிப்பாரு. நான் பாத்ததுனால அவரு போகல்ல." வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டானாம்.

அவனுக்காகத்தான் அக்கா கடைசிப் பாடத்தை விடாமல் நடத்தினார். வாழைத்தண்டைக் கோடித் துணியில் சுற்றிப் படுக்க வைத்தார். வாய்க்கரிசி ஏன், நெய்ப்பந்தம் ஏன், பெண்கள் ஏன் பாதி வழியில் நிற்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வெறும் குடத்தோடு சுற்றிக் காட்டினால் போதும் என்றுதான் நினைத்திருந்தார். டிலக்சன் ஒத்துக்கொள்ளவில்லை. "தண்ணி இல்லாட்டி கணக்குல வராது டீச்சர்" என்றான். அக்கா தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். மூன்று சுற்று வந்தான். குடத்தைப் பின்னால் விட்டான். உடைந்தது. திரும்பாமல் நேரே தண்ணீர்ப் பீலியடி வரைக்கும் நடந்து போனான். அங்கே அவன் முகம் கழுவியதும், அக்கா பின்னால் இருந்து, "டிலக்சா!" என்று கூப்பிட்டார். திரும்பினான். ஒரு வருடத்துக்குப் பிறகு திரும்பினான்.

உடைந்த குடத்துத் தண்ணீர் மண்டபத்துச் சரிவில் ஓடி பலிபீடத்தின் அடியில் போய் நின்றது. அதை அக்கா கவனிக்கவில்லை. பூசாரி ஐயா கவனித்தார்.

அன்று இரவே தலைவருடைய சின்ன மகள் சோற்றுக்கு முன்னால் தலைவரின் வயதான அப்பாவிடம், "தாத்தா, நீங்க எப்ப சாவீங்க? எனக்கு நெய்ப்பந்தம் புடிக்கத் தெரியும்" என்று கேட்டிருக்கிறாள். கிழவர் சிரித்தாராம். தலைவர் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்தான் நான் முதலில் எழுதிய அந்தக் கூட்டம்.

"அம்மா, ஒங்க மேல எங்களுக்கு மரியாத இருக்கு" என்று தலைவர் ஆரம்பித்தார். "ஆனா எழவுத் தண்ணி ஆத்தா காலடி வரைக்கும் போயிருக்கு. வெறும் பாடம்னா தண்ணி எதுக்கு?"



"எம்புள்ள பாயில நீட்டிப் படுத்துக்கிட்டு, வாய்க்கரிசி போடுங்கம்மாங்குது" என்றார் ஒரு தாய். இரண்டு பேர் சிரித்தார்கள். தலைவர் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது.

"தண்ணி ஊத்தாமலே காட்டியிருக்கலாமே டீச்சரம்மா" என்றார் பூசாரி ஐயா. அவர் தன்மையாகத்தான் கேட்டார்.

பிள்ளைகள் நடுவில் டிலக்சன் எழுந்தான். அக்கா அவன் பக்கம் பார்த்து, "ஒக்காரு" என்றார். ஒரே வார்த்தை. பிறகு தலைவரைப் பார்த்து, "தண்ணி ஊத்துனது நான்தான். ஏன்னு இங்க சொல்ல மாட்டேன். ஆனா நான் செஞ்சது தப்பு இல்ல" என்றார்.

பரிகாரப் பூசைக்காகப் பத்தாயிரம் ரூபாய் தெண்டம், அது முழுவதும் கட்டும் வரை மண்டபத்தில் வகுப்பு இல்லை என்று கமிட்டி சொன்னது.

"தப்புன்னு ஒத்துக்கிட்டாத்தானே தெண்டம்? நான் ஒத்துக்கல்ல."

எங்கள் லயத்து வீட்டுக் கூரைத் தகரத்துக்குத் தலைவர் கையெழுத்து வேண்டும். நாளைக்கு எங்கள் வீட்டில் ஒரு நல்லது கெட்டது என்றால் யார் வருவார்கள்? இதெல்லாம் ஒரே நேரத்தில் தலைக்குள் ஓடியது. டிலக்சன் விஷயம் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் வாயைத் திறந்திருப்பேனா, சத்தியமாகச் சொல்ல முடியவில்லை. "கட்டிடுறோம் தலைவரே. மாசம் ஐந்நூறு குடுத்துடுறோம்" என்று சொல்லிவிட்டேன். கூட்டம் கலைந்தது. வீடு வரைக்கும் அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்கா வகுப்பை எங்கள் வீட்டு முன் திண்ணைக்கு, இஸ்தோப்புக்கு, மாற்றினார். முதல் வாரம் மூன்று பிள்ளைகள் வந்தார்கள், டிலக்சனும் தலைவர் மகளும் அதில் இருந்தார்கள். நான் ஒவ்வொரு மாதமும் அக்காவுக்குத் தெரியாமல் ஐந்நூறு ரூபாயைப் பூசாரி ஐயாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிள்ளைகள் மண்டபத்துக்குத் திரும்பட்டும், அக்கா மறுபடி சிரிக்கட்டும் என்றுதான். ஏழு மாதம் கொடுத்தேன். எட்டாம் மாதம் பூசாரி ஐயா அக்காவை வழியில் கண்டு, "ஒழுங்கா வந்துக்கிட்டிருக்கு டீச்சரம்மா, சீக்கிரம் முடிஞ்சிரும்" என்று நல்ல மனதோடு சொல்லிவிட்டார்.

அக்கா வந்து வாசலிலேயே நின்றார்.

"எம்பேர்லயாடா கட்டுன?"

"ஆமாக்கா. ஒன் நல்லதுக்குத்தான்."

"டீச்சர் தெண்டம் கட்டிட்டாங்கன்னா, அன்னைக்கு செஞ்சது தப்புன்னு ஆயிரும். தப்புன்னா அந்தப் பயலுக்கு அது கணக்குல வராது. அவன் அப்பன் திரும்பவும் வந்து பின்னால நிப்பான். இது புரியுதா ஒனக்கு?"

அன்றைக்குத்தான் முழுக்கதையையும் சொன்னார். அவனுக்குக் கொடுத்த சத்தியத்தை என்னால் மீற வேண்டி வந்ததே என்று அழுதார். அக்கா அழுது நான் பார்த்தது அம்மா இறந்தபோதும், அன்றும்தான். அதோடு கட்டுவதை நிறுத்தினேன். இஸ்தோப்பில் வகுப்பு நான்கு வருடம் நடந்தது. பிள்ளைகள் ஒன்பது பேர் வரைக்கும் சேர்ந்தார்கள்.

போன வருடம் அக்காவுக்குச் சிறுநீரக வருத்தம் முற்றியது. கடைசிப் பதினேழு நாளும் ஆஸ்பத்திரியில் இருந்தார். பக்கத்துக் கட்டில்காரர்களிடம் கூட நெற்றியில் மூன்று கோடு ஏன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை விடியும்போது அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மழை. கோயில் கூடாரமும் கதிரைகளும் கேட்கப் போனேன். தோட்டத்தில் யார் வீட்டுச் சாவுக்கும் அவை வரும். ஆனால் கோயிலுக்குப் பாக்கி வைத்த வீட்டுக்கு வராது, அது பழைய கட்டுப்பாடு. தலைவர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சங்கடமாகத்தான் சொன்னார்: "இன்னைக்கு இதப் பேசுறது சரியில்ல தம்பி. ஆனா ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க. மிச்சத்தக் கட்டிடு, இப்பவே பயலுகள அனுப்புறேன்."

பணம் என் சட்டைப் பையில் இருந்தது. சவப்பெட்டிக்காரருக்குக் கொடுக்க வைத்திருந்த பணம். என் கை பை வரைக்கும் போனது. கூடாரம் தூக்க என்னோடு வந்திருந்த டிலக்சன் பக்கத்தில் நின்றான். அவன் என் கையைத்தான் பார்த்தான்.

"இல்ல தலைவரே. கட்டல்ல."

"என்னா கட்டல்ல? மழ கொட்டுது, பொணம் நனையப் போகுதுப்பா."

"நனையட்டும். எங்கக்கா தப்பு செய்யல்ல."

சொல்லிவிட்டு வெளியே வந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டேன். டிலக்சன்தான் பிடித்துத் தூக்கினான்.

கோயில் கூடாரம் இல்லாமல்தான் அக்காவின் இறுதிக் கிரியைகள் நடந்தன. கொழுந்து மூடும் படங்குகளைக் கொண்டுவந்து நான்கு மூலையிலும் கையாலேயே பிடித்துக்கொண்டு நின்ற லயத்துச் சகோதரிகளுக்கு நன்றி. நீர்மாலைக்கு வந்த உறவினருக்கும், பிள்ளைகளுக்கு வருடம் முழுவதும் வெள்ளைத் தாளும் கலர் பென்சிலும் காசு வாங்காமல் தந்த டவுன் கடை நானாவுக்கும், கண் மூடும் வரை பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்மாருக்கும் நன்றி. பூசாரி ஐயா தன் சொந்தக் குடையோடு வந்து தேவாரம் பாடினார். தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டு மயானம் வரைக்கும் மழையில் நடந்து வந்து மூன்று பிடி மண் போட்டார். அவருக்கும் நன்றி சொல்கிறேன், மனதாரச் சொல்கிறேன்.

இந்த மலர் அவர் கைக்கும் போகும். படித்துவிட்டு என்ன சொல்வாரோ தெரியாது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன். கோயில் புத்தகத்தில் அக்காவின் பெயருக்கு எதிரே ஒரு தொகை இன்னும் நிற்கிறது. நான் கட்ட மாட்டேன். எனக்குப் பிறகு என் பிள்ளைகளும் கட்டக் கூடாது. சொந்தக்காரர்கள் யாரும் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, நான் செய்தது போல, அதைப் போய்க் கட்டிவிட வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.