இடப்பக்கச் சரிவு

என் மேசையில், டயர் காற்றுப் பார்க்கும் மீட்டருக்குப் பக்கத்தில், ஒரு இரும்புத் துண்டு கிடக்கிறது. கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். சுற்றிலும் கறுப்புப் பெயிண்ட். இரண்டு முனையிலும் ரம்பம் ஓடிய தடம், அதில் லேசான துரு. கடைக்கு வருகிறவர்கள் காத்திருக்கும் நேரத்தில் அதை எடுத்து உருட்டிப் பார்ப்பார்கள். எந்த வண்டியின் பார்ட் என்று கேட்பார்கள். ஒரு சைடு ஸ்டாண்டிலிருந்து வெட்டி எடுத்தது என்பேன். வெட்டிப் போட்டதை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்பது அடுத்த கேள்வி. அளவுக்காக என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன். அது முழுப் பொய் இல்லை. ஆனால் நான் யோசனையில் இருக்கும்போது என் கை போய்த் தேடுவது மீட்டரை அல்ல, அந்தத் துண்டைத்தான்.

லாஸ்பேட்டையில் பாலிடெக்னிக் முடித்ததும் நெல்லித்தோப்பில் பாய் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அவருடைய அப்பா காலத்தில் அது சைக்கிள் உதிரிப்பாகக் கடை. இப்போது மோட்டார் சைக்கிளை, ஓட்டுகிற ஆளுக்கும் ஓடுகிற பாதைக்கும் ஏற்ப மாற்றி அமைத்துக் கொடுக்கிற இடம். வண்டி வாங்குவதற்கு முன்பே யோசனை கேட்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களிடம் நான் வரிசையாக ஐந்து கேள்வி கேட்பேன். தார் ரோடு எவ்வளவு, மண் எவ்வளவு? மண் என்றால் செம்மண்ணா, கடல் மணலா, சேறா? சுமை என்ன? பின்னால் ஆள் உட்காருவாரா? வண்டி நிற்கும்போது கால் எவ்வளவு தரையில் படுகிறது? இவற்றுக்கு நேர்மையாகப் பதில் வந்தால் எந்த வண்டி என்பது பாதி முடிவாகிவிடும். பெரும்பாலோர் முதல் கேள்விக்கே பொய் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைச் சாலையில் காபி குடிக்கப் போகிறவர், பனிமலை ஏறப் போவதுபோல டயர் கேட்பார். பாய் எதையும் காட்டிக்கொள்ளாமல் டயரை இறக்கிக் கொடுப்பார்.

அக்கா அந்த ஐந்துக்கும் உண்மையைச் சொன்னாள். அவள் என் பெரியம்மா மகள். ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்துக்காகக் கிணற்று நீரிலும் போர்வெல் நீரிலும் உப்பு ஏறுகிறதா என்று பார்க்க, ஊர் ஊராகப் போய் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வருவது அவள் வேலை. பிள்ளைச்சாவடியைத் தாண்டி வடக்கே போகும் வரை நல்ல தார் ரோடு. பிறகு சவுக்குத் தோப்பு மணல், அதற்கப்பால் ஏரிக்கரை. ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் மணலில் புதைந்து, அவள் இறங்கித் தள்ளி, ஒரு நாள் பாதிக் கிணறுகளை விட்டுவிட்டே திரும்பி வந்தாள். மறுநாள் காலை கடை திறக்கும்போது வாசலில் நின்றாள். "எனக்கு மணல்ல போற வண்டி வேணும். ரோட்டுலயும் மானத்த வாங்கக் கூடாது" என்றாள்.

நான் கேட்க மறந்த ஆறாவது கேள்வி ஒன்று இருந்தது. எவ்வளவு காலத்துக்கு? அதை முடிவு செய்வது அவள் கையில் இல்லை. அக்காவைக் கட்டியவர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்துப் பிள்ளை. மாமா கல்யாணம் முடிந்த கையோடு பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கு வேலைக்குத் திரும்பிப் போய்விட்டார். அக்காவுக்குப் போவதற்கான பேப்பர் வரவேண்டும். அவளுடைய மாமியார் அதைப் பிரெஞ்சில் 'பாப்பியே' என்றுதான் சொல்வார். பாப்பியே வந்துடும், பாப்பியே ஒரு கையெழுத்துக்காக நிக்குது, பாப்பியே திரும்பி வந்துடுச்சு. அந்த வீட்டில் அது நடமாடும் ஆள்போல இருந்தது. அது வரும் வரை அக்கா எதையும் முழுதாகச் செய்யவில்லை. நெல்லித்தோப்பில் வாடகைக்கு எடுத்த அறையில் ஆணி அடிக்கவில்லை. சமையல் கியாஸ் சொந்தமாக வாங்காமல் பெரியம்மாவின் பழைய சிலிண்டரை வைத்திருந்தாள். வேலையில் நிரந்தரமாகச் சேர்ந்துகொள்ளச் சொன்னபோதும் அடுத்த மாதம் சொல்கிறேன் என்று தள்ளினாள்.

பெரிய முன்சக்கரமும் நீண்ட சஸ்பென்ஷனும் உள்ள ஒரு வண்டி அவளுக்குப் பொருந்தும் என்று கணக்குப் போட்டோம். அப்படிப்பட்ட வண்டி உயரமாகத்தான் இருக்கும். அக்காவோ குள்ளம். ஏறி உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் விரல் நுனிதான் தொட்டது. தண்ணீர் பாட்டில் நிறைந்த பெட்டிகள் இரண்டு பக்கமும் தொங்கும்போது, ஏரிக்கரையில் அப்படி நிற்க முடியாது. நான் வழிகளைச் சொன்னேன். சீட்டின் நுரையை அறுத்துத் தாழ்த்தலாம். பின் சஸ்பென்ஷனில் நீளமான லிங்க் போட்டு, முன் ஃபோர்க்கைக் கிளாம்பில் மேலே தள்ளி, முழு வண்டியையும் இறக்கலாம். இறக்கினால் சைடு ஸ்டாண்டையும் அந்த அளவுக்கு வெட்டிக் குறைத்து ஒட்ட வேண்டும்.

"வெட்டுற வேலையே வேணாம்" என்றாள் அக்கா. "பாப்பியே வந்தா விக்கணும். வாங்கினப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே கொடுத்துடணும். கழட்டுறது, மாட்டுறது, அவ்ளோதான்."

"ஸ்டாண்டு நீளமா இருந்தா வண்டி சாயாம நேரா நிக்கும்கா. லேசாத் தள்ளுனா அந்தப் பக்கம் விழுந்துடும்."

"கொஞ்ச நாளைக்குத்தானடி. பாத்து நிறுத்திக்கிறேன்."

அப்படியே செய்தோம். கழற்றிய ஒவ்வொன்றையும் எண்ணெய் துடைத்து, பழைய துணியில் சுற்றி, எது எங்கே மாட்டுவது என்று சீட்டு எழுதிக் கட்டி ஒரு அட்டைப் பெட்டியில் வைத்தேன். பழைய லிங்க், பழைய ஹேண்டில், கண்ணாடி, தார் ரோட்டு டயர். பெட்டி கடையின் மேல் தட்டுக்குப் போனது. என்ஜினுக்கு அடியில் தகடு போட்டோம். கைக்குக் காப்பு வைத்தோம். சுமையோடு அவளை உட்காரவைத்துப் பின்பக்கம் எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்து ஸ்பிரிங்கை இறுக்கினேன். வெளியே கொண்டுபோய் ஸ்டாண்டு போட்டதும் பாய் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இன்னாம்மா இது, போட்டோவுக்கு நிக்கிற கல்யாணப் பொண்ணு மாதிரி வெறப்பா நிக்குது" என்றார். அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், அவள் அந்த வண்டியை நன்றாக ஓட்டினாள். மணலில் காற்றைக் குறைத்துக்கொண்டு, ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று, ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் அதன் போக்கில் விட்டுப் போவாள். மணலில் தயங்கினால்தான் சக்கரம் புதையும்; அவள் தயங்கியதே இல்லை. நிறுத்தும்போதுதான் எல்லாத் தயக்கமும் வரும். வண்டி இடப்பக்கம் சாய்ந்து நிற்க வேண்டுமானால் இடப்பக்கம் சரிந்த தரை வேண்டும். அதனால் அவள் எங்கே போனாலும் சரிவு தேடுவாள். எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால் தெருவை இரண்டு முறை சுற்றுவாள். சாக்கடைப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு சாய்வு இருந்தது. அங்கே வேறு யாராவது நிறுத்தியிருந்தால் வீட்டுக்குள் வராமலே அம்மாவிடம் வாசலில் பேசிவிட்டுப் போய்விடுவாள். உள்ளே வந்த நாட்களிலும் கண் ஜன்னலில் இருக்கும். டீயைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்ப் பார்ப்பாள், வருவாள், மறுபடியும் போவாள். "உக்காரேன்டி, வண்டி எங்க ஓடிடப் போவுது?" என்று அம்மா திட்டுவாள். ஓடிவிடும் என்று அவள் பயப்படவில்லை. விழுந்துவிடும் என்பதுதான் பயம். அவளோடு இருக்கும்போது என்னாலும் உட்கார முடியாது.

அது முதல் முறை விழுந்தது மாமியார் வீட்டு வாசலில். பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர்கள் நிரம்பியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடலை ஒட்டிய அந்தத் தெரு மேசைபோலச் சமம். அக்கா இறங்கி, இரண்டு அடி நடந்து, திரும்பிப் பார்த்து, மறுபடி நடந்து திண்டாடிக்கொண்டிருந்தபோது, கடற்காற்று ஒரு வீச்சு வீசியது. வண்டி மெதுவாக, கும்பிட்டு விழுவதுபோல, வலப்பக்கம் சாய்ந்தது. மாமாவின் சித்தப்பா ஒருவர், "உன் மருமகளோட வண்டி படுத்துத் தூங்குது பாரு" என்றார். மாமியார் முகம் மாறாமல், "அதுவும் பாப்பியேவுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்களாம். அக்கா என்னிடம் இதைச் சொன்னபோது அவளும் சிரித்தாள். ஆனால் வளைந்த பிரேக் லீவரை நான் கழற்றியதும், அதைக் கையில் வாங்கி நிமிர்த்தப் பார்த்தாள்.

இரண்டாவது முறை சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு பிற்பகலில் ஏரிக்கரையிலிருந்து போன் செய்தாள். நான் கடை வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். மழை பெய்து கரை இளகியிருந்தது. பெட்டிகள் நிறைந்து, பின்பக்கம் அமுங்கி, வண்டி வழக்கத்தைவிட நேராக நின்றிருக்கிறது. அவள் கடைசிக் கிணற்றில் பாட்டிலை நிரப்பித் திரும்புவதற்குள் சாய ஆரம்பித்திருக்கிறது. ஓடிப்போய்ப் பிடித்திருக்கிறாள். யாரும் ஓடும்போது யோசிப்பதில்லை. கால் சைலன்சருக்கு அடியில் மாட்டிக்கொண்டது. ஆடு மேய்க்க வந்த ஒரு அம்மாள்தான் வண்டியைத் தூக்க உதவியிருக்கிறார். நான் போனபோது அக்கா கரையில் உட்கார்ந்து, கெண்டைக்காலில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"சாம்பிளு எல்லாம் காலுக்கே போயிடுச்சு" என்றாள். "உப்புத் தண்ணிடி. ரிசல்ட்டு எரியுது."

நான் காயத்தைப் பார்த்தேன். பெரிதாகத்தான் கொப்பளித்திருந்தது. ஸ்டாண்டை வெட்டிவிடலாம் என்று மறுபடியும் சொன்னேன். வெட்டிவிட்டால் வண்டியைப் பழைய உயரத்துக்கு ஏற்ற முடியாதா என்று கேட்டாள். ஏற்றினால் ஸ்டாண்டு குட்டையாகி, வண்டி ஒரேயடியாகச் சாய்ந்துவிடும் என்றேன். கடைசி பாட்டிலையும் காலில் கவிழ்த்தாள்.

"எடம் தேடித் தேடி அலுத்துடுச்சுடி" என்றாள். பிறகு, "இரு, பாப்பியே வந்துடட்டும்" என்றாள்.

அது வந்தது. அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே வந்துவிட்டது. மாமியார் ஆட்டோ பிடித்துக் கடைக்கே வந்து பாய்க்கும் எனக்கும் இனிப்புக் கொடுத்தார். வண்டிக்கு ஒரு ஆள் பார்க்கும்படி பாயிடம் சொல்லிவிட்டுப் போனார். பாய் அன்றைக்கே லாஸ்பேட்டையில் ஒருவரைப் பிடித்துவிட்டார். நான் மேல் தட்டிலிருந்து பெட்டியை இறக்கினேன். துணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சீட்டில் நான் எழுதியது மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. எதை முதலில் மாட்டுவது, எதைக் கடைசியில் என்று வரிசைப்படுத்தித் தரையில் பரப்பி வைத்தேன். எதிலும் கீறல் இல்லை. ஒரு வேலையைச் சரியாகச் செய்திருக்கிறோம் என்ற திருப்தி இருந்தது. ஆனாலும் நான் ஸ்பானரை எடுக்கவில்லை.

அக்கா வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினாள். தரையில் பரப்பியிருந்ததைப் பார்த்தாள். குனிந்து பழைய கண்ணாடியை எடுத்து முகம் பார்த்துவிட்டுத் துணியிலேயே வைத்தாள்.

"ஸ்டாண்ட வெட்டு" என்றாள். "அளவு நீ சொன்னதுதான."

"அக்கா, பாப்பியே..."

"வந்துடுச்சு. கையில வெச்சிருக்கேன். அத்தை சொன்னவுடனே எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? அடுத்த மாசம் அந்த ஏரிக்கரைக் கெணத்துல யாரு தண்ணி புடிப்பான்னு."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"காலைல சொல்லிட்டேன். லீவுக்கு வர்றேன், நீயும் லீவுக்கு வா, மத்தத அப்புறம் பாக்கலாம்னேன். எங்கம்மாகிட்ட நீயே சொல்லிடுன்னாரு."

பாய் காதில் விழாததுபோல வெல்டிங் மிஷினை இழுத்து வந்து வைத்தார். நான் ஸ்டாண்டைக் கழற்றி வைஸில் பூட்டி, இரண்டு இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டேன். ரம்பத்தை வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். கடையில் அவள் அசையாமல் நின்று நான் பார்த்தது அப்போதுதான். அறுத்தேன். துண்டு சூடாகக் கீழே விழுந்து உருண்டு அவள் செருப்பில் இடித்து நின்றது. அதை எடுத்து ஊதி ஆறவைத்து என் மேசையில் வைத்தாள். மீதி இரண்டையும் பாய் ஒட்டினார். லாஸ்பேட்டை ஆளுக்கு என்ன பதில் சொன்னார் என்று தெரியாது.

மாமியார் பல வாரங்கள் அவளோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் கடைக்கு வந்தார். அக்காவைப் பற்றிக் கேட்கத்தான் வந்தார் என்று தெரிந்தும் நான் காட்டிக்கொள்ளவில்லை. சர்வீஸுக்கு விட்டிருந்த அக்காவின் வண்டி வாசலில் நின்றது; அதன் ஒட்டுப் போட்ட ஸ்டாண்டைக் குனிந்து பார்த்தார். "என் புள்ளையும் அங்க போயி இத்தன காலம் ஆவுது, இன்னும் சூட்கேஸ்லேர்ந்துதான் சட்டை எடுத்துப் போடுறான்" என்றார். மாமா குளிர்காலத்தில் வந்தார். அக்காவின் பின்னால் முட்டி இரண்டும் தூக்கிக்கொண்டு நிற்க உட்கார்ந்து சவுக்குத் தோப்பு வரை போய்வந்தார். அக்கா ஒருமுறை அங்கே போய் வந்தாள். அவர்கள் எங்கே சேர்ந்து இருப்பார்கள் என்பது இன்னும் முடிவாகவில்லை. கேட்கிறவர்களிடம் அக்கா, போய்க்கொண்டிருக்கிறது என்பாள்.

அவளுடைய பெட்டி இன்னும் மேல் தட்டில் இருக்கிறது. ஆனால் அவள் அதைக் கேட்பதில்லை. பக்கத்திலேயே மற்றவர்களின் பெட்டிகளும் சேர்ந்துவிட்டன. ஒரு நாள் எல்லாவற்றையும் பழையபடி மாற்றிக்கொள்வோம் என்று நம்பிக் கொடுத்துவிட்டுப் போனவர்களுடையவை. அவற்றோடு என் மனதிலும் ஒன்று கிடக்கிறது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில், புது வண்டிகளின் சஸ்பென்ஷனை ஓட்டிப் பார்த்துச் சரிசெய்யும் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போவதற்கான காரணங்களை ஒரு பக்கமும் இருப்பதற்கானவற்றை மறுபக்கமும் எழுதிப் பார்த்துவிட்டேன். இரண்டும் சமமாக நிற்கின்றன, சாயாமல்.

இன்று காலை அக்கா வந்தாள். தெருவில் சுற்றவில்லை. கடைக்கு எதிரே, சமதரையில், வந்த வேகத்தில் நிறுத்தி ஸ்டாண்டைக் காலால் தட்டினாள். வண்டி இடப்பக்கம் சாய்ந்து அமைதியாக நின்றது. "செயின் தளந்துடுச்சு, பாரு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, எனக்கு எதிரே உட்கார்ந்து, பாயின் டீயை வாங்கி மெதுவாகக் குடித்தாள். கடைசிச் சொட்டு வரை ஒருமுறைகூடத் தெருப்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கையில் அந்தத் துண்டோடு.