ஜக்கின் அடிப்பக்கம்

லென்ஸ்காரருக்கு ஒரு வியாதி. யார் வீட்டுக்குப் போனாலும் கையில் கிடைத்த கரண்டியைத் திருப்பி, அடியில் குத்திய முத்திரையை லென்ஸ் வைத்துப் பார்த்துவிடுவார். பழைய இங்கிலீஷ் வெள்ளிச் சாமான் கடை வைத்திருப்பவர் இல்லையா? சிங்கம் இருந்தால் சுத்த வெள்ளி, தனி எழுத்து வருஷத்துக்கு, ஜோடி எழுத்து செய்தவன் பெயருக்கு என்று யாரும் கேட்காமலே பாடம் எடுப்பார். "வெறும் முலாம்" என்று சொல்லும்போது மட்டும் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. அந்த வார்த்தையைக் கேட்டே மகளுக்கு வந்த இரண்டு வரன்கள் தலைதெறிக்க ஓடின.

மூன்றாவது, மகளுக்கே பிடித்துப்போன பையன். அவன் வீட்டுக்கு மூவரும் கிளம்பும் முன் மனைவி லென்ஸைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். வாயையும் சேர்த்துப் பூட்டியிருக்கலாம்.

அங்கே முதலில் தண்ணீர் வந்தது, வெள்ளி ஜக்கில். லென்ஸ்காரருக்குக் கை அரித்தது. ஜக்கை அப்படியே உயரத் தூக்கி, அடிப்பக்கத்தில் 'ஹா' என்று ஊதினார். ஆவி படிந்ததும் முத்திரைகளைச் சுற்றிச் சதுரமாக ஒரு கோடு தெரிந்தது. உடைந்த கரண்டி எதிலிருந்தோ முத்திரையை வெட்டியெடுத்து இதில் பற்றவைத்திருக்கிறார்கள்.

"ஒட்டு வேலை. உங்களை யாரோ நல்லா ஏமாத்தியிருக்காங்க," என்றார்.

பையனின் அப்பா நிதானமாகச் சொன்னார்: "உங்க கடையிலதாங்க வாங்கினோம். பெரிய கைவேலைக்காரன் செஞ்சதுன்னு நீங்களே சொல்லிக் கொடுத்தீங்க."

அடுத்தவர் சாமானில்தான் லென்ஸ்காரர் ஊதுவார். தன் கடைச் சாமானில் ஒரு நாளும் ஊதியதில்லை.

தவறிப்போச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. மகளின் கண்கள் அதைத்தான் கெஞ்சின. அவரா சொல்வார்? என் கடையிலிருந்து போனபோது இப்படி இல்லையே, நடுவில் எங்கே என்ன கைமாறியதோ என்று இழுத்தார். பையனின் அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

மகளுக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. அப்பாவின் கையிலிருந்து ஜக்கை வாங்கி, ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி, நின்றவரிடம் நீட்டினாள்.

"ஒட்டுதான் மாமா. எங்கப்பாவும் ஏமாந்து, உங்களையும் ஏமாத்திட்டார். ஆனா ஒழுகலை. எனக்கு இது போதும்."

அவர் அவளையே பார்த்தார். தம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு உட்கார்ந்தார். கல்யாணப் பேச்சு தொடர்ந்தது; நாள், மண்டபம் எல்லாம் முடிவானது. லென்ஸ்காரரை மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை.