காளியாயியின் கூப்பு

கவுஞ்சியில் காளியாயி அளவுக்கு வேகமாகப் பட்டை உரிக்க வேறு கை கிடையாது. அந்தக் கை ஒருநாள் அரிவாளைக் கீழே வைத்தது. ஊர் பிழைத்தது அதனால்தான்.

ஊருக்கு மேலே, கொடைக்கானல் மலையின் புல்வெளிகளில் வனத்துறை வைத்த வாட்டில் மரங்கள் அப்போது வெட்டுக்கு வந்திருந்தன. பட்டை தோல் பதனிடத் திண்டுக்கல் தோல் ஷாப்புகளுக்குப் போகும், கட்டை விறகாகும். வெட்டுவதற்கென்று கல் நட்டு அளந்துவிட்ட இடத்துக்குக் கூப்பு என்று பெயர். அதை ஏலத்தில் எடுத்திருந்தவர் ஒட்டன்சத்திரத்துக் குருநாதன். ஆண்கள் மரத்தைச் சாய்ப்பார்கள், பெண்கள் பட்டை உரிப்பார்கள். அந்தப் பெண்களுக்குக் காளியாயிதான் தலைவி. பூண்டு விளைச்சல் கைவிட்ட வருஷங்களில் ஊரில் அடுப்பெரிந்தது கூப்புக் கூலியில்தான் என்பதால் குருநாதனை எதிர்த்து யாரும் வாய் திறப்பதில்லை.

அறுபத்தொன்றாம் வருஷம் அவருடைய ஆட்கள் எல்லைக்கல்லைத் தாண்டி, யாரும் நடாமல் தானாக வளர்ந்த பழங்காடான சோலைக்குள் நுழைந்தார்கள். சோலை மரம் கெட்டி, கரிக்கு நல்ல விலை. ஆனால் கவுஞ்சியின் அத்தனை வயலுக்கும் ஓடை புறப்படுவது அந்தச் சோலைக்குள்ளிருந்துதான். காளியாயி பிறந்த ஊரில் இப்படித்தான் ஒரு சோலையை மொட்டையடித்தார்கள். சில வருஷத்தில் ஊற்று செத்தது. அவளுடைய அப்பன் நிலத்தைப் போட்டுவிட்டு வத்தலக்குண்டுப் பக்கம் கூலிக்கு இறங்கிப் போனார். போனவர் திரும்பவில்லை.

முதலில் பணிவாகத்தான் போய்ச் சொன்னாள். குருநாதன் சிரித்துவிட்டு, உன் சோலியைப் பார் என்றார். அவள் திரும்பி வந்து யோசித்தாள். வாட்டில் மரத்தைச் சாய்த்த ஈரத்திலேயே பட்டையை உரித்தாக வேண்டும். காயவிட்டால் கட்டையோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் காசு பெறாது. சரிவு முழுக்க மரங்களைச் சாய்த்துப் போட்ட ஒருநாள் காலையில், பெண்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போய் மரங்களுக்கு நடுவே உட்கார்ந்தாள்.

"மொதலாளி, சோலையில கோடாலி விழுகுறது நிக்குற வரைக்கும் நாங்க பட்டையில கை வைக்க மாட்டோம்."

"என் கூலி இல்லாட்டி ஒங்க அடுப்பு எரியாது. தெரிஞ்சுதான் பேசுறியா?"

"தண்ணி இல்லாட்டி ஊரே இருக்காதுங்க. தெரிஞ்சுதான் பேசுறேன்."

குருநாதன் அசரவில்லை. பட்டை உரிக்க மலையடிவாரத்து ஆயக்குடிப் பக்கமிருந்து ஒரு கூட்டத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். மெல்லிய சேலையும் கைக்குழந்தையுமாகக் குளிரில் நடுங்கிக்கொண்டு இறங்கினார்கள். அவர்களை அடித்து விரட்ட வேண்டும் என்று ஊர்ப் பெண்கள் கொதித்தார்கள். காளியாயியோ கிழங்கு அவித்து எடுத்துக்கொண்டு, கம்பளிகளையும் சுமந்துகொண்டு போனாள். அந்தக் கூட்டத்தில் மூத்தவள் பாப்பம்மாள். பிள்ளைகள் தின்று முடித்ததும் காளியாயி அவளிடம் கேட்டாள்.

"ஒங்க ஊரு கொய்யாத் தோப்புக்குத் தண்ணி எங்கருந்து வருது தாயி?"

"மலையிலருந்துதான்."

"அந்த மலைதான் இது."

பாப்பம்மாள் சோலையை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தன் ஆட்களைக் கூப்பிட்டு, வந்த லாரியிலேயே ஏறச் சொன்னாள். கம்பளிகளைத் திருப்பித் தர வந்தபோது காளியாயி வாங்கிக்கொள்ளவில்லை.

பட்டை மரத்திலேயே காய்ந்தது. சரக்கு ஏன் இறங்கவில்லை என்று பார்க்க வந்த ரேஞ்சர் நல்லசாமி சோலைக்குள் புது அடிக்கட்டைகளைக் கண்டார். குருநாதனின் குத்தகை ரத்தானது. ஆனால் ரேஞ்சர் மனசில் இருந்ததை மறைக்கவில்லை. அடுத்த ஏலத்தில் இன்னொருவர் வருவார், அவரும் இப்படித்தான் இருப்பார் என்றார்.

"அப்ப எங்களுக்கே குடுங்க" என்றாள் காளியாயி.

அவள் விளையாட்டாகப் பேசவில்லை என்று அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. தனி ஆளுக்குத் தர முடியாது, கூட்டுறவுச் சங்கம் என்று பதிந்தால் கேட்டுப் பார்க்கலாம் என்று வழி சொன்னார். ஊருக்குள் அது எளிதாக நடந்துவிடவில்லை. பொம்பளைகள் ஏலம் எடுத்து எங்கே உருப்படப் போகிறது என்று ஆண்கள் கேலி பேசினார்கள். காளியாயியின் புருஷன் ராமரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். அவளுடைய தோழி முருகம்மாள்தான் வீடு வீடாக ஏறிச் சங்கத்துக்குப் பங்குப் பணம் சேர்த்தாள். விதைப் பூண்டை விற்றுப் போட்டவர்களும் உண்டு. கொடைக்கானலில் நடந்த ஏலத்தில் கூப்பு சங்கத்துக்கு என்று முடிவானபோது, அங்கே நின்றிருந்த காண்டிராக்டர்கள் முகத்தைப் பார்த்தபடி முருகம்மாள் வெற்றிலையை நிதானமாக மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

கூப்பைப் பகுதி பகுதியாக, இடம் மாற்றி மாற்றி வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் அந்த மழைக்கே கன்று வைத்தார்கள். சோலையில் தானாக விழுந்த சுள்ளியைப் பொறுக்கலாம், கோடாலி கூடாது. தொழுவத்துக்கு ஒரு விட்டம் வேண்டும் என்று ராமர் மெல்லக் கேட்டுப் பார்த்தார். காளியாயி முடியாது என்றுவிட்டாள். அவர் சில நாள் அவளோடு பேசாமல் இருந்து, வாட்டில் கட்டையிலேயே தொழுவத்தைக் கட்டி முடித்தார்.

மூன்றாம் கோடையில் நடுப்பகலில் புல்வெளியில் தீப் பிடித்தது. முன்பெல்லாம் காட்டில் தீ என்றால் வனக் காவலர் வந்து இழுத்தாலொழிய யாரும் அசைய மாட்டார்கள். எரிவது எவனோ ஒருவன் சொத்து. அன்றைக்கு மேலே புகை கண்டதும் பூண்டு வயல்களில் நின்றவர்கள் எல்லாம் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஓடினார்கள். எல்லாருக்கும் முன்னால் ராமர். பச்சைக் கிளைகளை ஒடித்துப் பக்கம் பக்கமாக நின்று அடித்தார்கள். காற்று திரும்பித் தீ கன்றுகளை நெருங்கியபோது, காளியாயி பெண்களை வரிசையாக நிறுத்திப் புல்லைச் செதுக்கித் தரையை வெறும் மண்ணாக்கினாள். தீ அந்த மண்ணோரம் வந்து, தாண்ட வழியில்லாமல் படுத்துவிட்டது. சோலையில் ஓர் இலை கருகவில்லை.

ஜீப்பில் ஆட்களோடு ரேஞ்சர் வந்து இறங்கியபோது, கரி பூசிய முகங்களோடு ஊரே உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது. உங்களை யார் கூப்பிட்டது என்று வியப்போடு கேட்டார்.

"எங்க காட்டுக்கு எங்கள யாருங்க கூப்பிடணும்?" என்றாள் முருகம்மாள்.

பக்கத்துச் சரிவுக் கூப்பையும் சங்கத்துக்கே தரும்படி மேலே எழுதப் போவதாக ரேஞ்சர் அங்கேயே சொன்னார். காளியாயி தலையை ஆட்டினாள், கஞ்சியை முடித்தாள். தீய்ந்த முந்தானையைக் கிழித்து எறிந்துவிட்டு, ராமரும் முருகம்மாளும் பின்னால் வர, கன்றுகளுக்கு நடுவே சிரித்துப் பேசிக்கொண்டே இறங்கினாள். பூண்டுக்குத் தண்ணீர் திருப்ப வேண்டியிருந்தது. ஓடை நிறையப் போய்க்கொண்டிருந்தது.